பேரையூர் பக்கம் நிலம் வாங்கும் முன்: அரசின் கிணற்றுப் பதிவுகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் புன்செய் விலைக்கு வருகிறது. அதில் பழைய கிணறு ஒன்றும் போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்றும் இருக்கின்றன. "எரநூறு அடியிலயே நல்ல தண்ணி சார்" என்கிறார் புரோக்கர். நீங்கள் இருப்பது சென்னையில். அரசாங்கத்திடம் கிணறுகளைப் பற்றி என்ன பதிவு இருக்கிறது, அதை வைத்து அவர் சொல்வதைச் சரிபார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் தென்னையும் கொய்யாவும் வைக்கப் போவதாக எழுதியிருப்பதால், மழை பொய்த்த வருஷத்திலும் அந்த மரங்கள் பிழைக்குமா என்பதுதான் உங்கள் நிஜக் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். புரோக்கர் சொல்வதைச் சரிபார்ப்பது ஒன்று, இது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் பதிவுகள் அதிகம் உதவும்.

நான் மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் நிலத்தடி நீர் ஆய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த சர்வே எண்ணில் இந்த வருஷம் இத்தனை அடி போர் போட்டார்கள், இத்தனை அடியில் பாறை, இத்தனை அடியில் ஊற்று என்று ஒவ்வொரு தனியார் கிணற்றுக்கும் பதிவு வைத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்த ஏடு நம் மாநிலத்தில் இல்லை. சில வெளிநாடுகளில் போர் போடுகிறவரே அந்த விவரத்தை அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே மாநிலம் முழுவதற்குமான நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று 2003-ல் நிறைவேறியது. அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது. 1987-ஆம் வருஷச் சட்டம் சென்னைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் மட்டும்தான். குழந்தைகள் கைவிட்ட போர்க்குழிகளில் விழுந்து இறந்த கொடுமைகளுக்குப் பிறகு, 2015-ல் ஊராட்சிப் பகுதிகளுக்கு விதிகள் வந்தன. அதன்படி கிணறு தோண்டவோ போர் போடவோ ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும், ரிக் வண்டியும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். அதனால் நீங்கள் பார்க்கும் போர் 2015-க்குப் பிறகு போட்டது என்றால் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு விண்ணப்பமாவது இருக்க வாய்ப்பு உண்டு. கேட்டுப் பாருங்கள். ஆனால் நடைமுறையில் ராத்திரி ரிக் வந்து விடிவதற்குள் போர் போட்டுவிட்டுப் போவதுதான் அதிகம். காகிதம் இல்லை என்பதால் போர் இல்லை என்றோ, ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றோ முடிவு கட்ட வேண்டாம்.

சரி, அப்படியானால் என்னதான் இருக்கிறது? கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டப் பதிவு இருக்கிறது, அதுவும் பல வருஷங்களுக்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளில் வருஷத்துக்கு நான்கு முறை, அதாவது ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில், நீர்மட்டம் அளக்கிறது. சென்னை தரமணியில் உள்ள மாநில நிலத்தடி, மேற்பரப்பு நீர்வள விவர மையம் தன் கிணறுகளை மாதந்தோறும் அளக்கிறது. குடிநீர் வடிகால் வாரியமும் தனியாகக் கண்காணிப்புக் கிணறுகள் வைத்திருக்கிறது. இந்தியா-டபிள்யூரிஸ் என்ற மத்திய அரசின் தளத்தில் மாநிலம், மாவட்டம் தேர்ந்தெடுத்தால் கிணறுகள் வரைபடத்தில் புள்ளிகளாக வரும். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தக் கிணற்றின் பல வருஷத்து அளவுகள் கிடைக்கும். உங்கள் நிலத்துக்கு மிக அருகில் உள்ள மூன்று நான்கு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு புள்ளியை நம்ப வேண்டாம்.

அந்த அளவுகளை வாசிப்பதில் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, எல்லாம் தரைமட்டத்துக்குக் கீழே எத்தனை மீட்டர் என்ற கணக்கு. எண் கூடினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மீட்டர் 3.28 அடி, புரோக்கர் சொன்ன இருநூறு அடி சுமார் 61 மீட்டர். அங்கே 9 மீட்டர், 11 மீட்டர் என்று பார்த்துவிட்டு, ஆகா முப்பது அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் திறந்த கிணற்றின் மட்டம். மேலே உள்ள மண்ணிலும் மக்கிய பாறையிலும் தேங்கும் தண்ணீர் அது. போர் எடுப்பது அதற்கும் கீழே, கெட்டிப் பாறையின் வெடிப்புகளில் உள்ள தண்ணீரை. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவைதான், ஆனால் ஒன்றின் மட்டம் இன்னொன்றின் மட்டம் ஆகாது. அதனால் அந்தப் புள்ளி திறந்த கிணறா, அளவெடுக்கவே போட்ட குழாய்க் கிணறா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். திறந்த கிணறு தன் அடித்தளத்துக்குக் கீழே உள்ள மட்டத்தைக் காட்ட முடியாது. 12 மீட்டர் ஆழக் கிணறு வற்றிவிட்டால், தண்ணீர் 13-ல் இருக்கிறதா 40-ல் இருக்கிறதா என்பது அந்தக் கிணற்றுக்குத் தெரியாது. அந்த மாதத்தில் 'வறண்டது' என்று எழுதியிருப்பார்கள், அல்லது அளவே இருக்காது. மாவட்டச் சராசரி போடும்போது இப்படிக் காய்ந்த கிணறுகள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டால், தண்ணீர் உள்ள கிணறுகளின் சராசரி மட்டும் நிற்கும். அது நிஜத்தை விட நன்றாகத் தெரியும். ஆகவே சராசரிகளைத் தள்ளிவிட்டுத் தனிக் கிணற்றின் வரிசையைப் பாருங்கள். அதில் காலியாக விட்ட மாதங்களைத் தேடுங்கள். என் அனுபவத்தில் அந்தக் காலி இடங்கள்தான் ஒரு ஊரைப் பற்றி அதிகம் சொல்லும்.

மூன்றாவது, எந்த வருஷத்தைப் பார்ப்பது? நிலம் விற்கிறவர்கள் நல்ல மழைக்குப் பிறகுதான் காட்டுவார்கள், அது இயல்பு. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஜனவரியில் மட்டம் மேலே இருக்கும், மே மாதம் அடியில் கிடக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஆகவே 2017 மே, ஆகஸ்ட் அளவுகள்தான் உங்களுக்கு வேண்டிய எண்கள். அதற்கு அடுத்து, நல்ல மழை பெய்த 2021-க்குப் பிறகு வந்த 2022 ஜனவரி அளவைப் பாருங்கள். 2017-ல் எவ்வளவு இறங்கியது, மழை வந்ததும் எவ்வளவு ஏறி வந்தது என்ற இரண்டும் சேர்ந்தால் அந்தப் பகுதியின் குணம் தெரிந்துவிடும். இறங்கி ஏறுகிற கிணறு கவலை இல்லை. நல்ல மழைக்குப் பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாமல் வருஷத்துக்கு வருஷம் படியிறங்குகிற கிணறுதான் எச்சரிக்கை.

ஆனால் இவ்வளவும் பார்த்த பிறகும் உங்கள் மூன்று ஏக்கருக்குள் ஒரு போர் எவ்வளவு தண்ணீர் தரும் என்று இந்தப் பதிவிலிருந்து சொல்ல முடியாது. எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். காரணம் நம் மாவட்டத்தின் பாறை. வைகைக் கரையோரம் சோழவந்தான் போன்ற இடங்களில் ஆற்று வண்டல் இருக்கிறது. அங்கே ஒரு கிணற்றின் நிலவரம் பக்கத்து வயலுக்கும் ஓரளவு பொருந்தும். அதை விட்டால் மாவட்டத்தின் பெரும்பகுதி சார்னோகைட், நைஸ், கிரானைட் என்று கெட்டிப் பாறைதான். அந்தப் பாறைக்குள்ளே தண்ணீர் நிற்க இடம் கிடையாது, வெடிப்பில்தான் நிற்கும். வெடிப்பு எந்த வழியாக ஓடுகிறதோ அங்கே போட்ட போர் பீய்ச்சும். ஐம்பது அடி தள்ளிப் போட்டால் புகைதான் பறக்கும். இரண்டும் ஒரே சர்வே எண்ணில் நடக்கும். ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள கண்காணிப்புக் கிணறு அந்த வெடிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. அது சொல்வது அந்தச் சுற்றுவட்டாரத்தில் மழையும் இறைப்பும் எந்த நிலையில் நிற்கின்றன என்பதை மட்டும். ஒரு நிலத்தை வேண்டாம் என்று ஒதுக்க இந்தப் பதிவுகள் போதும். வாங்கலாம் என்று முடிவு செய்ய இவை மட்டும் போதாது.

வெடிப்புகள் எந்தத் திசையில் போகின்றன என்று தோராயமாகப் பார்க்க, இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலத்தடி நீர் வளவாய்ப்பு வரைபடங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தையும் கள ஆய்வையும் வைத்து 1:50,000 அளவில் போட்டவை. அந்த அளவில் வரைபடத்தின் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஐம்பது மீட்டர். ஆகவே போர் போடும் புள்ளியை அதில் தேடக்கூடாது. நிலம் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தாக்கில் இருக்கிறதா, பக்கத்தில் பாறைப் பிளவுக் கோடு போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இன்னொரு பதிவு, பிர்கா (பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி) வாரியான மதிப்பீடு. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருப்பை மாவட்டமாகவோ ஒன்றியமாகவோ கணக்கிடுவதில்லை, வருவாய் பிர்காவாகக் கணக்கிடுகிறார்கள். வருஷத்துக்கு எடுக்கக்கூடிய நீரில் எத்தனை சதவீதம் எடுக்கிறார்கள் என்பதே கணக்கு. 70 வரை பாதுகாப்பு, 70-லிருந்து 90 வரை மித அபாயம், 90-லிருந்து 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. உப்பாகிப்போன பிர்காக்கள் தனி. 2022-லிருந்து இதை ஒவ்வொரு வருஷமும் செய்கிறார்கள். இன்-கிரெஸ் என்ற தளத்தில் பார்க்கலாம். உங்கள் நிலம் எந்தப் பிர்கா என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்வார். அதிநுகர்வுப் பிர்கா என்று வந்தால் நிலத்தையே கைவிட வேண்டும் என்று இல்லை. ஆனால் புதிய கிணற்றுக்கு அரசு மானியமோ வங்கிக் கடனோ எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள், சிக்கல் வரலாம். பாதுகாப்புப் பிர்கா என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நல்ல தண்ணீர் உள்ள நான்கு ஊர்களும் வறண்ட இரண்டு ஊர்களும் ஒரே பிர்காவில் ஒரே எண்ணாகக் கலந்துவிடும்.

எங்கே கண்மாய், எங்கே கால்வாய் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள பெரியாறு பாசனத்தின் இருபோகப் பகுதியில், கால்வாயில் தண்ணீர் போகும் மாதங்களில் கிணறுகளும் ஊறும். நெல் வயலில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்குவதால்தான் அது. டி.கல்லுப்பட்டி பக்கம் அந்த வசதி கிடையாது. அங்கே கண்மாயும் ஓடையும்தான் கிணற்றுக்கு ஊட்டம். உங்கள் நிலம் கண்மாய்க் கரைக்குக் கீழே, பாசனம் பெறும் ஆயக்கட்டுப் பக்கம் இருக்கிறதா, மேலே நீர்ப்பிடிப்புப் பக்கம் இருக்கிறதா என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். கரைக்குக் கீழே என்றால் கண்மாய் நிறைகிற வருஷம் கிணறும் நிறையும். ஆனால் வரத்துக் கால்வாய் தூர்ந்தோ ஆக்கிரமிப்பிலோ கிடந்தால் அந்தக் கண்மாய் பெயருக்குத்தான் கண்மாய். செயற்கைக்கோள் படங்களில் பழைய வருஷங்களைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் வசதி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. கடைசிப் பத்து வருஷத்தில் எத்தனை முறை அந்தக் கண்மாயில் தண்ணீர் தெரிகிறது என்று எண்ணுங்கள். நீர்மட்டப் பதிவைப் போலவே அதுவும் நல்ல சாட்சிதான்.

இனிச் சொல்லப்போவதை நிலம் வாங்குகிறவர்கள் கிணற்றுப் பதிவு என்றே நினைப்பதில்லை. எனக்கு இவைதான் மிகுந்த நம்பிக்கை தரும் ஏடுகள், ஏனென்றால் இவை உங்கள் சர்வே எண்ணையே பேசுகின்றன. முதலில் மூலப் பத்திரங்கள். வில்லங்கச் சான்றை எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு பின்னால் போட்டு, அதில் வரும் ஒவ்வொரு கிரயத்துக்கும் நகல் வாங்குங்கள். சொத்து விவரத்தில் கிணற்றை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வரிசையாக வாசியுங்கள். பழைய பத்திரத்தில் கமலைக் கிணறு என்று இருக்கும். பிறகு ஆயில் என்ஜின் வரும், பிறகு மின்மோட்டார், பிறகு கிணற்றுக்குள் சைடு போர், கடைசியில் தனிப் போரும் நீர்மூழ்கி மோட்டாரும். மாடு கட்டி இறைத்த இடத்தில் இன்று நீர்மூழ்கி மோட்டார் வேண்டியிருக்கிறது என்றால், தண்ணீர் எந்தக் காலத்தில் எவ்வளவு கீழே போனது என்பதை அந்தப் பத்திரங்களே சொல்லிவிடுகின்றன.

அடுத்தது அடங்கல். பசலி வருஷம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டிய கணக்கு அது. நான் முதலில் கேட்பது பசலி 1426, அதாவது 2016 ஜூலை முதல் 2017 ஜூன் வரை. அந்த வறட்சி வருஷத்திலும் உங்கள் சர்வே எண்ணில் கிணற்றுப் பாசனத்தில் பயிர் ஏறியிருந்தால் அது நல்ல அறிகுறி. தரிசு என்று இருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். தண்ணீர் இல்லாமலும் இருக்கலாம், சொந்தக்காரர் வெளியூரில் இருந்ததாகவும் இருக்கலாம். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் அடங்கலைப் போன வருஷத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடும் பழக்கம் இருந்திருக்கிறது. ஐந்து வருஷமும் எழுத்து மாறாமல் ஒரே பயிர், ஒரே பரப்பு என்று இருந்தால் அதற்குச் சாட்சி மதிப்புக் குறைவு. புல வரைபடத்தில் கிணறு குறித்திருந்தால், அந்த அளவை நடந்த காலத்திலேயே கிணறு இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரைபடத்தில் இல்லாததால் கிணறு இல்லை என்று சொல்ல முடியாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு தோண்டிய கிணறுகள் பல வரைபடம் ஏறவே இல்லை.

மூன்றாவது மின்வாரிய சர்வீஸ். விவசாய மின் இணைப்பு எந்த வருஷம் கிடைத்தது, அப்போது எத்தனை குதிரைத்திறன் மோட்டார், பிறகு எப்போது கூட்டினார்கள் என்பது பிரிவு அலுவலகத்துக் கோப்பில் இருக்கும். மூன்று குதிரைத்திறனில் தொடங்கி ஐந்து, ஏழரை, பத்து என்று ஏறியிருந்தால், தண்ணீரை மேலே கொண்டுவர ஒவ்வொரு முறையும் அதிக பலம் தேவைப்பட்டிருக்கிறது. பரப்பு கூடாமல் மோட்டார் மட்டும் பெரிதானால் காரணம் பெரும்பாலும் ஆழம்தான். அதோடு, அந்த இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எந்த சர்வே எண்ணுக்குக் கொடுத்தது என்றும் பாருங்கள். புதிதாக இணைப்பு வாங்கப் பல வருஷம் காத்திருக்க நேரிடும். இறந்துபோன பெரியவர் பெயரில் இணைப்பு நின்று, வாரிசுகள் நான்கு ஊரில் இருந்தால் பெயர் மாற்றமே தனிக் கதை. விற்பவரிடம் அதைக் கிரயத்துக்கு முன் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியில் 'பழைய கிணறு' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது முழுதும் இந்த நிலத்துக்கே உரியதா? இந்தப் பக்கம் பாகப்பிரிவினையில் நிலம் பிரியும், கிணறு பொதுவாக நிற்கும். 'கிணற்றில் 4-ல் 1 பங்கும், அதற்குரிய முறைத் தண்ணீரும், வாய்க்கால் பாத்தியமும்' என்று பத்திரத்தில் வருவது சாதாரணம். கிணறு இருக்கும் துண்டு தனி உட்பிரிவாகக் கூட்டுப் பட்டாவில் நிற்கலாம். நீங்கள் வாங்குவது நான்கு நாளைக்கு ஒருநாள் தண்ணீர் என்றால் அந்தக் கிணறு எவ்வளவு ஊறினாலும் உங்கள் கணக்கு நான்கில் ஒன்றுதான். பங்குக் கிணற்றை வைத்து வழக்கு நடந்திருக்கிறதா என்று ஊரில் கேளுங்கள். பாத்தியம் சம்பந்தமான வாசகங்களை உங்கள் வக்கீல்தான் பார்க்க வேண்டும், அது என் துறை இல்லை.

தண்ணீரின் தன்மையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பக்கம் கேட்டே ஆக வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் வட்டாரக் கரிசலில் உவர்ப்பான கிணறுகள் உண்டு. நாக்குக்கு லேசாக உவர்க்கிற தண்ணீர் தென்னைக்கு ஒத்துக்கொள்ளலாம், கொய்யாவுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் தொல்லையாகலாம். ஜல் ஜீவன் திட்டத்தின் தளத்தில் கிராமவாரியாகக் குடிநீர்ப் பரிசோதனை முடிவுகள் கிடைக்கும். குடிநீர்த் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. ஃப்ளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45-க்கு மேல் கூடாது. இவையெல்லாம் குடிப்பதற்கான அளவுகள். பாசனத்துக்கு மின்கடத்துத் திறனும் (மொத்த உப்பைக் காட்டுவது) சோடிய விகிதமும் பார்க்க வேண்டும். அதனால் அந்தப் போரிலிருந்தே, மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்து இரண்டு இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம், பாசனத்துக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம். ஊராட்சி தன் சொந்தப் போர்களை விட்டுவிட்டுத் தூரத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருந்தால், ஏன் என்று டேங்க் ஆபரேட்டரிடம் விசாரியுங்கள். தண்ணீர் போதாமலா, உப்பா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

புரோக்கரின் இருநூறு அடிக்கு வருகிறேன். தண்ணீர் எத்தனை அடியில் என்பது பாதிக் கேள்வி, மணிக்கு எத்தனை லிட்டர் என்பதே மீதி. போர் போடுகிறவர்கள் 'ஒரு இன்ச்சு', 'ரெண்டு இன்ச்சு' என்பார்கள். வி-நாட்ச் பலகையில், அதாவது வி வடிவ வெட்டு வழியாகத் தண்ணீரை விட்டு அளக்கும் பலகையில், அளந்த இன்ச் என்றால், 90 டிகிரி வெட்டில் ஒரு இன்ச் உயரம் மணிக்குச் சுமார் 500 லிட்டர்தான். இரண்டு இன்ச் அதைப்போல் இருமடங்கு அல்ல, ஐந்தரை மடங்குக்கு மேல், சுமார் 2,900 லிட்டர். சிலர் குழாய் நிறைந்து விழுவதை இன்ச்சில் சொல்வார்கள், அந்தக் கணக்கு வேறு. ஆகவே எந்த இன்ச் என்று கேட்க வேண்டும். இன்னொன்று, ரிக் நிற்கும்போது கம்ப்ரசர் தள்ளிய தண்ணீர் வெடிப்பில் நாள்பட்டுச் சேர்ந்திருந்த சேமிப்பு. அது தினமும் வராது.

உங்கள் மூன்று ஏக்கருக்கு ஒரு இன்ச் உயரம் தண்ணீர் பாய்ச்ச மூன்று லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். போர் மணிக்கு 4,500 லிட்டர் தந்தால் கிட்டத்தட்ட 68 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் எட்டு ஒன்பது நாள். அதற்குள் முதலில் பாய்ச்சிய மூலை காய்ந்திருக்கும். சொட்டுநீர் போட்டால் தேவை வெகுவாகக் குறையும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, பிறகு போர் உண்மையில் எவ்வளவு தருகிறது என்று களத்தில் பாருங்கள். மே மாதம், காலையில் மோட்டார் போடும் முன் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளக்க வேண்டும். நான்கைந்து மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நொடி என்று மணிக்கொருமுறை குறிக்க வேண்டும். நிறுத்தியபின் மட்டம் பழைய இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். திறந்த கிணற்றுக்கும் இதே முறைதான்: இறைத்துவிட்டு ஊறுகிற நேரத்தைப் பாருங்கள். விற்பவர் இதற்குத் தயங்கினால், அவரோடு அந்த விலையில் பேச்சைத் தொடர எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தப் போரை நம்பாமல் புதிதாகப் போட நினைத்தால், வேளாண்மைப் பொறியியல் துறை, நிலத்தின் மின்தடையை அளக்கும் முறையில் இடம் பார்த்துச் சொல்கிறது. மக்கிய பாறை எவ்வளவு ஆழம், எங்கே வெடிப்பு இருக்க வாய்ப்பு என்று அது காட்டும். தண்ணீர் உறுதி என்று அந்த ஆய்வும் சொல்லாது, ஆனால் குருட்டாம்போக்கில் போடுவதை விட எவ்வளவோ மேல்.

எந்த அலுவலகத்திலாவது விவரம் தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'தண்ணீர் இருக்கிறதா' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'இன்ன ஊராட்சியில் 2015 முதல் இன்றுவரை போட்ட ஊராட்சிப் போர்களின் இடம், ஆழம், இப்போதைய நிலை' என்று ஆவணமாகக் கேளுங்கள். அரசு போட்ட போர்களுக்குக் கோப்பு இருக்கும். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு ஊராட்சிப் போர்கள் செயலிழந்தவை என்று வந்தால், உங்கள் புரோக்கர் சொல்லும் இருநூறு அடியைப் பற்றி இன்னும் கடுமையாகக் கேட்கலாம்.

ஒன்று செய்யுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் பிர்காவின் பெயர், நிலத்துக்கு அருகில் உள்ள மூன்று நான்கு கண்காணிப்புக் கிணறுகளின் 2017 மே, 2022 ஜனவரி அளவுகள், நிலம் கண்மாய்க்கு எந்தப் பக்கம் என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கள். சர்வே எண்ணைப் பொதுவில் போட வேண்டாம். அந்த அளவுகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று வாசித்துச் சொல்கிறேன்.